ஏழாவது துறை

என் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு பஸ் டிக்கெட் இருக்கிறது. எல்லாம் பெண்களுக்கான இலவச டிக்கெட். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம். வேர்வைக் கையில் கசங்கிக் கசங்கி அச்சு பாதி அழிந்துவிட்டது. சில டிக்கெட்டுகளின் பின்பக்கம் நீலப் பேனாவில் போட்ட குறி மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வட்டம் இருந்தால் அன்று மதியம் மாத்திரை விழுங்கியாகிவிட்டது என்று அர்த்தம். பெருக்கல் குறி இருந்தால் டிக்கெட்டுக்குச் சொந்தக்காரி வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பெருக்கலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டமும் இருந்தால், ஒரு ட்ரிப்பில் தள்ளிவிட்டு அடுத்த ட்ரிப்பில் விழுங்கியிருக்கிறாள். சாயங்காலம் வீட்டில் அவளுடைய அண்ணி பையைத் துழாவி இந்த டிக்கெட்டைப் பார்த்துத்தான் பகல் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்வாள். இதையெல்லாம் யோசித்து வைத்தவர் அந்த பஸ்ஸின் கண்டக்டர். எனக்கு அவர் கண்டக்டர் அண்ணன். இன்று வரை வேறு பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பதவியின் பெயர்தான் நீளம், வேலை என்னவோ ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதுதான். ஒரே ஆளுக்கு நாலைந்து கஷ்டங்கள் சேர்ந்து வரும்போது அந்த ஆளை யாருக்கும் சொந்தமில்லாதவராக ஆக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். வலிப்புக்கு ஒரு வாசல், மனசுக்கு இன்னொரு வாசல், உதவித்தொகைக்கு மூன்றாவது வாசல், தங்க இடமில்லை என்றால் நாலாவது வாசல். ஒவ்வொரு வாசலிலும் நல்லவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வாசலைக் கைகாட்டுவார்கள். அவர்களை எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அந்த டிக்கெட்டுகளுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் மில்லக்கா என்பார்கள். சின்ன வயதிலேயே நூல் மில்லுக்குப் போனவள். மிஷின் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. பிறகு வலிப்பு வந்தது, வேலை நின்றது. கூடப் பிறந்த அண்ணன் இறந்ததும் மனசும் கலங்கிவிட்டது. தனக்குத்தானே பேசுவாள், கதவைச் சாத்தினால் அலறுவாள், தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். நான் பார்க்கும்போது நாற்பதைத் தாண்டியிருந்தாள். ராஜபாளையத்தில் ஒற்றை அறை வீட்டில் அண்ணியோடு இருந்தாள். அண்ணி பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். உள்ளே வைத்துப் பூட்டவும் முடியாது, தெருவில் விடவும் மனசு வராது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்று வந்த பிறகுதான் அதற்கு ஒரு வழி பிறந்தது. பஸ்ஸில் கதவு சாத்துவதில்லை, காற்று வரும், நாலு முகம் பார்க்கலாம். காலையில் அண்ணி ஏற்றிவிடுவாள். மில்லக்கா டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இரண்டு ஊருக்கும் நடுவே போய் வருவாள். சாயங்காலம் அண்ணி வந்து இறக்கிக்கொள்வாள்.

நான் கண்டக்டர் அண்ணனை முதலில் பார்த்ததே மில்லக்காவுக்கு வலிப்பு வந்த ஒரு நாளில்தான். பஸ்ஸில் நல்ல கூட்டம். அவள் சீட்டிலிருந்து சரிந்ததும் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணிக்கப் போனார். அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "இரும்பெல்லாம் வேண்டாம்யா, செத்த நேரம் அப்படியே விடுங்க, தானா நிக்கும்" என்றார். விசில் அடித்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். தன் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்து, அவளை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, சேலை விலகாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். நேரமாகிறது என்று முணுமுணுத்தவர்களைத் திரும்பியே பார்க்கவில்லை. அவள் கண் விழித்ததும் தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் சிரித்தாள். இருவர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. கலங்கிப்போயிருக்கும் நேரத்தில் அந்த மொழிதான் அவளுக்கு எட்டும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. என் கோப்பில் மொழி என்ற இடத்தில் நான் தமிழ் என்று எழுதி வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் முழுக்க அந்த வண்டியிலேயே போய் வந்தேன். காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் அண்ணி பொறுப்பு. மதிய மாத்திரை அட்டை கண்டக்டர் அண்ணனின் தோல்பையில் இருந்தது. ஒரு மணி ட்ரிப்பில் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் நிற்கும்போது, டீக்கடை பாய் ஒரு பன்னும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொடுத்துவிடுவார். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாதாம். அண்ணன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "தீசுக்கோ தல்லி" என்பார். எடுத்துக்கொள் தாயே என்று அர்த்தம். அவள் எடுத்தால் சரி, எடுக்காவிட்டால் கட்டாயப்படுத்துவதில்லை. "வம்பு பண்ணா வாந்திதான் வரும். அடுத்த ட்ரிப்புல பாத்துக்கிடலாம்" என்று டிக்கெட்டில் பெருக்கல் போட்டுவிடுவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் அவருக்கு ட்யூட்டி. மறுநாள் வரும் மாற்று கண்டக்டரிடம் மாத்திரை அட்டையை ஒப்படைத்து, தெலுங்கில் அந்த இரண்டு வார்த்தையையும் சொல்லிக் கொடுத்திருந்தார். பன் தரும் பாய்க்கும், மாற்று கண்டக்டருக்கும், தறிக்குப் போகும் அண்ணிக்கும் நடுவில் ஒரு கூட்டம் நடந்ததில்லை. ஒருவருக்கொருவர் போன் நம்பர் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

என் கூட்டம் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி மாடியில். ஆஸ்பத்திரி, நகராட்சி, போலீஸ், மாற்றுத்திறனாளிகள் அலுவலகம், மில் நலப்பிரிவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பகல்நேரக் காப்பகம் என்று ஆறு பேரைச் சேர்த்திருந்தேன். ஒவ்வொருவரையும் வரவழைக்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அவர்களும் சும்மா வந்து வடை தின்றுவிட்டுப் போனவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்காமல் மில்லக்காவைப் பார்க்க வழி பிறந்தது, நின்றுபோன உதவித்தொகை திரும்ப வந்தது, மில் ஆபீஸர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் சார்ட் பேப்பரில் நடுவே மில்லக்காவுக்கு ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் ஆறு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்காகவே வண்ணப் பேனாவில் வரைந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை கண்டக்டர் அண்ணனை வரச்சொன்னேன். ட்யூட்டி இல்லாத நாள். என்றாலும் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். தலைமை தாங்கிய அதிகாரி வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தத் துறை?" என்று கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, "பஸ்ஸு சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லை, அன்பான சிரிப்புதான். அவரும் சிரித்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "நல்ல விஷயமா இருக்கே, டிப்போவுல ஒரு கடிதம் வாங்கி முறைப்படி சேத்துருங்களேன்" என்றார். எனக்குச் சட்டென்று ஆசை பற்றிக்கொண்டது. ஆறு துறை ஏழு துறை ஆகும். போக்குவரத்தையும் சேர்த்துக்கொண்ட கூட்டமைப்பு இந்த வட்டாரத்தில் எங்குமே இல்லை. அன்று மதியமே சார்ட்டில் ஏழாவது வட்டத்தைப் பென்சிலால் வரைந்து பார்த்தேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அண்ணன் ஒன்று சொன்னார். "எழுத்து கிழுத்தெல்லாம் வேண்டாம் தாயி. இது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கு." அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நல்ல மனிதர்களுக்குப் புகழ்ச்சி கூச்சம் தரும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, டிப்போவுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் நடத்துநர் ஒவ்வொரு நாளும் மதியம் ஒரு பயணிக்கு மருந்து கொடுத்து உயிர் காக்கிறார், மாற்று நடத்துநரும் அப்படியே செய்கிறார், இந்தச் சேவையை முறையாக அங்கீகரித்து எங்கள் கூட்டமைப்பில் இணைய வேண்டும் என்று. அதைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தேன். அவ்வளவு ஒழுங்காக என் வாழ்க்கையில் நான் வேறு எந்தத் தப்பையும் செய்ததில்லை.

அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பஸ்ஸில் பயணிக்குக் கண்டக்டர் மாத்திரை கொடுத்து, அது ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? காகிதத்தில் அவர்கள் கண்ணுக்கு வராதவரை கேள்வி இல்லை. காகிதமாக வந்தபின் கேட்காமல் இருக்க முடியாது. பணியாளர்கள் பயணிகளுக்கு மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது என்று மெமோ வந்தது. மாற்று கண்டக்டருக்கு எச்சரிக்கை. அண்ணனை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வ. புதுப்பட்டி போகும் லைனுக்கு மாற்றிவிட்டார்கள். அவரே போனில் சொன்னார். "யாரோ பாசஞ்சர் எழுதிப் போட்டுட்டான் போல தாயி. போகட்டும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு வழி பண்ணிருங்க." நான் ஆகட்டும் அண்ணே என்றேன். எழுதிப் போட்டது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் இல்லை. சொல்லவில்லை. ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏற்பாடு மளமளவென்று நடந்தது. கூட்டமைப்பின் பலம் என்று நான் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் காப்பகத்தில் மில்லக்காவுக்குப் பகலில் இடம் கிடைத்தது. காலையில் அழைத்துப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட ஒரு வேன், சாப்பாடு, மின்விசிறி, கவனித்துக்கொள்ள ஒரு பெண். மதிய மாத்திரை அங்கேயே. கொடுத்தார்களா இல்லையா என்று எழுத ஒரு பதிவேடு வேண்டும் என்றார்கள், அதன் கட்டங்களை நானே கோடு போட்டுத் தயாரித்தேன். தேதி, நேரம், மருந்து, உட்கொண்டார், மறுத்தார், கையொப்பம். மாதாந்திரக் கூட்டத்தில் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுப்பது என்று தீர்மானமும் போட்டோம். அந்தப் பெண் நேர்மையானவள். முதல் நாள் மில்லக்கா மாத்திரையைத் தட்டிவிட்டாள், மறுத்தார் என்று எழுதினாள். இரண்டாம் நாளும் மறுத்தார். ஒன்பது நாள் அந்த ஒரே வார்த்தை, ஒரே கையெழுத்து, ஒரே நேரம். எனக்கு ஒரு போன் செய்யலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ட்ரிப் என்று ஒன்று என் கட்டங்களில் இல்லை. காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் ஒழுங்காகப் போகின்றன என்பதால் அண்ணியும் தைரியமாக இருந்தாள். டிக்கெட் வருவது நின்றுவிட்டதால் பகலில் நடப்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

பத்தாம் நாள் மதியம் மில்லக்கா காப்பகத்திலிருந்து வெளியே நடந்துவிட்டாள். அவர்கள் கதவைப் பூட்டுவதில்லை. பூட்டக்கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு மணிக்கு மேல் அங்கே வலிப்பு வந்து, நடைமேடை விளிம்பில் தலை மோதி விழுந்தாள். டீக்கடை பாய்தான் முதலில் ஓடிவந்து தூக்கியிருக்கிறார். அதன் பிறகு எங்கள் ஆறு துறையும் கடிகாரம் மாதிரி வேலை செய்தன. ஆம்புலன்ஸ் உடனே வந்தது, போலீஸ் வழிவிட்டது, டாக்டர் காத்திருந்தார், அண்ணியைத் தறியிலிருந்து மில் வண்டி அழைத்துவந்தது. யாரும் இது எங்கள் வேலை இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து மில்லக்கா இறந்துபோனாள்.

சுடுகாட்டுக்கு கண்டக்டர் அண்ணன் காக்கியிலேயே வந்தார், ட்யூட்டி முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து கை கால் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னைக்கு மதியம் மாத்திரை யாரு குடுத்தா தாயி?" என்று கேட்டார். நான் யோசித்தேன். பதிவேட்டில் கையெழுத்து இருந்தது, தீர்மானத்தில் ஆறு பேர் ஒப்பம் இருந்தது. "யாரும் குடுக்கலண்ணே" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. துக்கம் கேட்க இரண்டு வாரம் கழித்துப் போனபோதுதான் அண்ணி அந்த டிக்கெட் கட்டை என் கையில் கொடுத்தாள். "இத நான் வச்சு என்ன செய்ய, நீங்க வச்சுக்கிடுங்க" என்றாள்.

அதன் பிறகு மூன்று வருஷம் ஓடிவிட்டது. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். பதிவேட்டை மாற்றினேன், இரண்டு நாள் மறுத்தாலே போன் வரவேண்டும் என்று ஆக்கினேன். ஒருவருக்கு நிஜமாகவே சோறு போடுகிறவர் யார், மருந்து கொடுக்கிறவர் யார் என்று முதலில் தெருவில் விசாரித்துவிட்டுத்தான் இப்போது ஆபீஸ் படி ஏறுகிறேன். கேட்டுத் தெரிந்த பெயர்களில் சிலவற்றை எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை. பயிற்சிக் கூட்டங்களில் மில்லக்கா கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒருங்கிணைப்பில் ஏற்பட்ட இடைவெளி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவேன். ஒரு கடிதம் போனது, ஒரு மெமோ வந்தது என்று ஆள் இல்லாமல் சொல்லத் தமிழில் நல்ல வசதி இருக்கிறது.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது பஸ்ஸில் அந்த மாற்று கண்டக்டரைப் பார்த்தேன். "அண்ணன் ரிட்டையராகி வன்னியம்பட்டியில வீட்டோட இருக்காரு மேடம். ஒங்கள ஒருக்கா பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காக்கி இல்லாமல் அண்ணன் பாதி ஆளாகத் தெரிந்தார். நின்றே வேலை பார்த்த கால், முட்டி வீங்கியிருந்தது. அவர் வீட்டம்மா காப்பி கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனார். அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு அண்ணன் ஆரம்பித்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் தாயி. வீட்டுலகூட இத நான் சொன்னதில்ல. அன்னைக்கு மதியம் புதுப்பட்டி வண்டிய வில்லிபுத்தூர் ஸ்டாண்டுல போட்டுட்டு நிக்கேன். அந்தப் பிள்ள நேரா எங்கிட்ட வந்துச்சு. கைய நீட்டுச்சு. பழைய அட்டை எம் பையிலயேதான் கெடந்துச்சு. மேல மெமோ குடுத்துருக்காக, ஒங்க கூட்டத்துலயும் வேற ஏற்பாடு பண்ணிட்டாக, அங்கயும் குடுத்து நம்மளும் குடுத்து ரெண்டு மாத்திரையாப் போயிட்டா என்ன ஆகும்னு யோசிச்சேன். அங்க குடுப்பாக, போ தல்லின்னு சொல்லிட்டேன். நீட்டுன கைய மடக்கல அது. நான் விசில் குடுத்துட்டேன். புதுப்பட்டி போய்ச் சேரையில போன் வருது."

ஒன்பது நாள் மாத்திரை இல்லாத உடம்பு அண்ணே, அன்றைக்கு ஒன்று போட்டிருந்தாலும் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். டாக்டர் என்னிடம் சொன்னதுதான் அது. அவர் தலையை ஆட்டினார். "நிக்குமோ நிக்காதோ, குடுத்துருந்தா தெரிஞ்சிருக்கும்ல" என்றார். சுடுகாட்டில் அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாராவது கொடுத்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேனா என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பாரத்தோடுதான் இத்தனை வருஷம் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் செய்திருக்கிறார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் வரவில்லை. "அண்ணே, பாசஞ்சர் யாரும் எழுதிப் போடல. அந்த மெமோ வந்தது என் லெட்டர்னாலதான். நீங்க வேண்டாம்னு சொல்லியும் நான்தான் எழுதினேன்" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கொல்லையில் அவர் வீட்டம்மா மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"நல்லதா எழுதியிருந்தீகளா?" என்று கேட்டார்.

"நல்லதாத்தான் எழுதியிருந்தேன்ணே."

வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்தார். பிறகு, "இம்புட்டு நாளா நான் ஒத்தையில தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். நீங்க ஒரு பக்கம் ஒத்தையில அலைஞ்சிருக்கீக. இனிமே ரெண்டு பேருமா வச்சுக்கிடுவோம் தாயி" என்றார்.

சரிண்ணே என்றேன்.